லாம்பிக்கை விட்டுவிட்டீர்களே

பியர் எல்லாம் ஒன்றில் லாகர் (குளிரில் மெதுவாகப் புளிக்கவைப்பது), இல்லாவிட்டால் ஏல் (சற்றுச் சூட்டில் புளிக்கவைப்பது) என்று பியர் வகைகள் பற்றிய உங்கள் கட்டுரை முடித்துவிட்டது. பெல்ஜியத்தின் லாம்பிக் பியர் எங்கே? பிரசல்ஸ் பக்கத்தில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றைக் காய்ச்சி, குளிர்காலத்தில் இரவு முழுக்கத் திறந்த அகலத் தொட்டியில் ஆறவிடுவார்கள். ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருப்பதே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஒன்று முதல் மூன்று வருடம் பீப்பாயில்தான் கிடக்கும்.

வன்னியில் இருக்கிற எங்களுக்கு இது புதினமில்லை. பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பநீர், தடவாவிட்டால் விடியும்போதே தானாக நுரை தள்ளும் கள். பின்னேரம் வரை வைத்தால் பிளாவில் (பனையோலைக் குவளை) வார்த்தவுடனேயே புளிப்பு மூக்கில் ஏறும்.

ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் குளிர்நாட்டுக் குடி என்றும் கட்டுரை சொல்கிறதாம்! எங்கள் இலங்கை லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 வீதம், வெயிலூரிலும் நன்றாகத்தான் போகிறது.