ஜெயித்தால் ஈயம்

(ஆஸ்திரேலியாவில் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் வாகா வாகா என்ற ஊர். தஞ்சாவூரில் வணிகவரித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு அன்று லீவு. மாமா கையில் ஒரு பில். அடுத்தவர் பில்லைப் புரட்டியே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர். கண்ணில் ஒரு பில் பட்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.)

மாமா: மாப்பிள்ளை, பல் வைத்தியத்துக்கு 6 டாலர் போட்டிருக்கிறதே, யாருக்குப் பல்?

மாப்பிள்ளை: அது... குதிரைக்கு, மாமா.

மாமா: எந்தக் குதிரைக்கு?

மாப்பிள்ளை: நம் குதிரைக்கு. இருபது பேர் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரை வைத்திருக்கிறோம். எனக்கு ஐந்து சதவீதம்.

மாமா: ஐந்து சதவீதம் என்றால் எந்தப் பாகம்? வாலா?

மாப்பிள்ளை: செலவில் ஐந்து சதவீதம், மாமா.

மாமா: எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு வருஷமாக ஆடுகிறது. செலவு வைக்க வேண்டாமே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறேன். இங்கே குதிரை ஜம்மென்று பல் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. மாதம் எவ்வளவு ஆகிறது?

மாப்பிள்ளை: தீவனம், லாயம், லாடம், ட்ரெயினர் எல்லாம் சேர்த்து என் பங்குக்கு ஒரு 160 டாலர் வரும்.

மாமா: என் பொண்ணுக்குத் தெரியுமா?

மாப்பிள்ளை: அவளிடம் கேட்டுத்தானே பேர் வைக்கப் பார்த்தேன்! 'முத்துமாரியம்மன் துணை' என்று வைக்கச் சொன்னாள். இங்கே பந்தயக் குதிரையின் பெயர் நடுவில் விடும் இடத்தையும் சேர்த்து 18 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் 21 வந்தது. கடைசியில் மற்ற பத்தொன்பது பேரும் கூடி 'லேட் அகெய்ன்' என்று வைத்துவிட்டார்கள்.

மாமா: அம்மன் பேரை விட்டுவிட்டு இப்படி வைத்தால் அது எப்படி நேரத்துக்கு வந்து சேரும்? சரி, உங்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

மாப்பிள்ளை: டேக்ஓவர் டார்கெட் என்று ஒரு குதிரை, மாமா. குவீன்பியன் ஊரில் ஜோ ஜானியாக் என்கிற டாக்சி ஓட்டுநர் அதை 1,250 டாலருக்கு வாங்கி அவரே பழக்கினார். காலில் கோளாறு உள்ள குதிரை, யாரும் சீண்டவில்லை. அது 2006-இல் இங்கிலாந்தில் ராயல் ஆஸ்கட் பந்தயம் வரைக்கும் போய் ஜெயித்தது. மொத்தத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தது.

மாமா: அந்த ஒரு டாக்சிக்காரரால் எத்தனை குடும்பம் கெட்டதோ! நம்ம ஆள் என்ன சம்பாதித்தான்?

மாப்பிள்ளை: ஒரு தடவை ஜெயித்தான். மெய்டன் பந்தயம். அதுவரை ஜெயிக்காத குதிரைகள் மட்டும் ஓடுவது. முதல் பரிசு 10,000 டாலர். அதில் ட்ரெயினருக்குப் பத்து சதவீதம், ஜாக்கிக்கு ஐந்து. மிச்சம் 8,500. அதை இருபதாகப் பிரித்தால்...

மாமா: 425. மூன்று மாதத் தீவனத்துக்குக் கூடப் போதாது. இருந்தாலும் ஜெயித்தான் அல்லவா? மறுபடி அதே பந்தயத்தில் விட வேண்டியதுதானே?

மாப்பிள்ளை: முடியாது. ஜெயித்துவிட்டால் மெய்டன் கதவு சாத்தியாச்சு. அப்புறம் ஹேண்டிகேப்பர் வருவார்.

மாமா: அவர் யார்?

மாப்பிள்ளை: ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் என்று ஒரு எண் போடுகிறவர். பந்தயத்தில் ரேட்டிங் கூடிய குதிரைக்கு எடை கூட. ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ. ஜாக்கியும் சேணமும் அந்த எடைக்கு வரவில்லை என்றால் சேணத்தோடு ஈயத் தகடு வைப்பார்கள்.

மாமா: இருங்கள், இருங்கள். ஜெயிக்கிற குதிரை முதுகில் ஈயமா?

மாப்பிள்ளை: அதுதான் கொடுமை, மாமா!

மாமா: (கண்கள் பளபளக்க) அட, கொடுமை என்ன கொடுமை! இது வருமான வரி ஐயா! சம்பாதிக்கச் சம்பாதிக்க விகிதம் ஏறுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் டிபார்ட்மெண்டாகத்தான் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரௌஸ் என்று ஒரு இங்கிலீஷ் அட்மிரல் இதற்குப் பெயர் போனவர், மாமா. மெல்போர்ன் கப்பே இந்த முறையில்தான் ஓடுகிறது. ஃபார் லாப் என்று ஒரு குதிரை 1930-இல் 62.5 கிலோ சுமந்து அந்தக் கோப்பையை ஜெயித்தது. அடுத்த வருஷம் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது.

மாமா: பாவம், வருமானத்தைப் பூராவும் காட்டிவிட்டது. கொஞ்சம் மறைத்திருக்கலாம். நம்ம ஆளும் நாலு தடவை சும்மா தோற்றுக் காட்டினால் ரேட்டிங் இறங்காதா?

மாப்பிள்ளை: ஐயோ, சத்தமாகச் சொல்லாதீர்கள்! பந்தயத்தைக் கண்காணிக்க ஸ்டீவர்டுகள் இருக்கிறார்கள். ஜாக்கி கடிவாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, தடை போட்டுவிடுவார்கள்.

மாமா: பறக்கும் படையும் உண்டா! பிரமாதம்.

மாப்பிள்ளை: தவிர, நம்மவனுக்குத் தோற்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரச்சினையே வேறு. ஜெயித்தபோது ரேட்டிங் ஒரே தாவலில் ஏறியது. தோற்கும்போது ஒன்று, இரண்டு என்று படி இறங்குகிறது. சில தடவை இறங்குவதே இல்லை.

மாமா: ரீஃபண்டு என்றைக்குச் சட்டென்று வந்திருக்கிறது?

மாப்பிள்ளை: இறங்கினாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை. போன பந்தயத்தையே பாருங்கள். உச்சத்தில் இருந்த குதிரைக்கு ரேட்டிங் 66, எடை 62 கிலோ. நம்மவன் 50. பதினாறு புள்ளி வித்தியாசம்.

மாமா: எட்டுக் கிலோ. நம்மவனுக்கு 54.

மாப்பிள்ளை: ஆனால் அந்தப் பந்தயத்தில் 55-க்குக் கீழே யாருக்கும் எடை கிடையாது. ஜாக்கிகள் பட்டினி கிடந்து சாகக் கூடாது என்று வைத்த வரம்பு, நியாயம்தான். ஆனால் ஒரு கிலோ நம் தலையில் விடிந்தது.

மாமா: கழிவு எதுவும் கோர முடியாதா?

மாப்பிள்ளை: உண்டு. கத்துக்குட்டி ஜாக்கியை ஏற்றினால், அவன் அனுபவத்தைப் பொறுத்து 4 கிலோ வரைக்கும் கழிப்பார்கள்.

மாமா: உரிய நேரத்தில் கோரினீர்களா?

மாப்பிள்ளை: கோரினோம். வளைவு வந்தது. மற்ற குதிரைகள் எல்லாம் திரும்பின. இவர்கள் இரண்டு பேரும் நேரே போனார்கள்.

(மாமா பில்லின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போடுகிறார். மாப்பிள்ளை காபி கலக்கிறார். பால் பொங்கியதை இருவரும் கவனிக்கவில்லை.)

மாமா: கடைசியாக எப்போது ஓடினான்?

மாப்பிள்ளை: அதை ஏன் கேட்கிறீர்கள்? அவனுக்கு 1,400 மீட்டர்தான் சரி. ஒரு ஊரில் அந்தத் தூரம் இருந்தது, பேர் கொடுத்த குதிரைகள் போதவில்லை என்று பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். இன்னொரு ஊரில் அவன் ரேட்டிங்குக்கு ஏற்ற வகுப்பு இருந்தது, ஆனால் 1,000 மீட்டர். நம்மவன் சூடேறுவதற்குள் மற்றவை குளிக்கப் போய்விடும். மூன்றாவது ஊரில் எல்லாம் பொருந்தியது. 14 இடத்துக்கு 22 குதிரை. கூட்டம் அதிகமானால் ரேட்டிங் குறைந்தவனைத்தான் முதலில் கழிப்பார்கள்.

மாமா: அப்படியானால் அவன் ரேட்டிங் ஜெயிக்க முடியாத அளவுக்கு அதிகம், உள்ளே நுழைய முடியாத அளவுக்குக் குறைவு.

மாப்பிள்ளை: சரியாகப் பிடித்தீர்கள்! நாற்பது குதிரை வைத்திருக்கும் பெரிய லாயத்துக்கு இதெல்லாம் கவலையே இல்லை. அட்டவணையில் எந்தப் பந்தயம் போட்டாலும் அதற்கு ஒரு குதிரை கையில் இருக்கும். ஒரே குதிரையை நம்பி இருக்கிறவன் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே தீவனம் போட வேண்டியதுதான்.

மாமா: குதிரை இல்லாமல் பந்தயம் நிற்கிறது, பந்தயம் இல்லாமல் குதிரை நிற்கிறது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம். அப்படியானால் அந்தச் சின்ன ஊர்க் கிளப்புகள் பாடு?

மாப்பிள்ளை: அவர்கள் பாடு இன்னும் மோசம். லாக்ஹார்ட், டம்பரம்பா மாதிரி ஊர்களில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் பந்தயம். உள்ளூர்க்காரர்களே சம்பளமில்லாமல் வேலியைச் சரிபண்ணி, புல்வெட்டி, சாசேஜ் சுட்டு விற்று நடத்துகிறார்கள். தேதி கொடுப்பது மாநில அமைப்பு. டிவியில் பார்த்துப் பணம் கட்டுகிறவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது. அதனால் டிவியில் காட்டும் பெரிய அட்டவணையில் இருக்கும் ஊருக்கு, ஜனம் வர முடியாத திங்கட்கிழமை மத்தியானம் கூடப் பந்தயம் விழும். அட்டவணைக்கு வெளியே இருக்கும் குட்டி ஊர் வாசல் டிக்கெட்டையும் பீரையும் நம்பிப் பிழைக்கும். பக்கத்து ஊரில் அதே வாரம் கூடுதல் பரிசு என்றால் குதிரை எல்லாம் அங்கே போய்விடும். ஆறு குதிரை ஓடுகிற பந்தயத்தை யார் வந்து பார்ப்பார்கள்?

மாமா: ஊர்ப்புறக் குதிரைகளுக்கு என்று அரசாங்கம் எதுவும் செய்யவில்லையா?

மாப்பிள்ளை: அரசாங்கம் இல்லை, பந்தய அமைப்பு செய்திருக்கிறது. 2015-இலிருந்து சிட்னியில் ஊர்ப்புற லாயங்களுக்கென்றே ஹைவே பந்தயம். 2018-இலிருந்து அங்கேயே ராண்ட்விக் மைதானத்தில் 'காசியஸ்கோ' என்று இன்னொரு பந்தயம். அதற்கு 5 டாலர் சீட்டு விற்பார்கள். சீட்டு விழுந்தவர் ஒரு ஊர்ப்புறக் குதிரையின் உரிமையாளரோடு பேசி, பரிசில் பங்கு போட்டுக்கொள்ளலாம். இப்போது மொத்தப் பரிசு 20 லட்சம் டாலர்.

மாமா: அட, நல்ல காரியம்தானே?

மாப்பிள்ளை: நல்லதுதான், பதினாலு குதிரைக்கு. பரிசு பெரிசானதும் ஊர்ப்புறத்திலேயே பெரிய லாயங்கள் விலையுயர்ந்த குதிரைகளை வாங்கி நிறுத்த ஆரம்பித்துவிட்டன. அதே பணத்தில் கொஞ்சத்தை எடுத்துச் சாதாரண வியாழக்கிழமைப் பந்தயத்தில் கடைசி வகுப்புக்குப் போட்டிருந்தால் எங்களைப் போன்றவர்கள் மூச்சு விடுவோம்.

மாமா: ஒரு சந்தேகம். அந்தச் சீட்டு 5 டாலர். உங்கள் குதிரை மாதம் 160. மாதம் முப்பத்திரண்டு சீட்டு வாங்கிவிட்டு வீட்டில் இருந்தால் என்ன?

மாப்பிள்ளை: சீட்டு என் கையிலிருந்து கேரட் வாங்கித் தின்னாதே, மாமா.

(மாமா கொஞ்ச நேரம் அவரையே பார்க்கிறார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். இந்த மனிதர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்றால், அது காகிதத்தில் வந்தே தீரும்.)

மாமா: ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். ஹேண்டிகேப்பருக்கு மனு கொடுப்போம்.

மாப்பிள்ளை: இங்கே அப்படியெல்லாம் இல்லை. ட்ரெயினர் போனில் பேசுவார்.

மாமா: போனில் பேசியதற்கு என்ன ஆதாரம்? எழுதுங்கள். 'உயர்திரு எடை நிர்ணய அலுவலர் அவர்கள் சமூகத்துக்கு. பொருள்: ரேட்டிங் குறைத்தல் தொடர்பாக.'

மாப்பிள்ளை: காரணம் என்று என்ன எழுதுவது?

மாமா: 'ஐயா, மேற்படி குதிரை சென்ற ஆண்டு ஜெயித்தது கவனக்குறைவால் நேர்ந்த பிழை. இனிமேல் அவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறோம்.'

மாப்பிள்ளை: அந்த உறுதியை அவன் ஒன்பது பந்தயமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான், மாமா.

மாமா: நல்லது. அதையும் இணைப்பில் சேருங்கள்.