வைன் வாரியத்து இயக்குநர்கள் ஓட்டுப் போட்டு வருபவர்கள் அல்ல

அண்ணே, “ஆஸ்திரேலியாவில் திராட்சை விவசாயிகளே ஓட்டுப் போட்டு வைன் வாரிய இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சாயல்குடி பனைத் தொழிலாளிகளுக்கும் அதே மாதிரி வாரியம் வேண்டும்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கோரிக்கை சரி, தகவல் தவறு.

நீங்கள் சொல்லும் வாரியத்தின் பெயர் வைன் ஆஸ்திரேலியா. அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் அரசு அமைப்பு, தலைமையிடம் அடிலெய்டு. தலைவரை வேளாண் அமைச்சர் நியமிக்கிறார். மற்ற இயக்குநர்கள் 5 முதல் 7 பேர். தேர்வுக் குழு பரிந்துரைப்பவர்களிலிருந்து அவர்களையும் அமைச்சரே நியமிக்கிறார். திராட்சை வளர்ப்பு, வைன் தயாரிப்பு, சந்தை, நிதி என்று துறை அறிவு பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். விவசாயிகளும் ஆலைக்காரர்களும் தீர்வை கட்டுகிறார்கள், ஆராய்ச்சிக்கு அரசும் ஈடாகப் பணம் போடுகிறது. ஆனால் ஓட்டு கிடையாது. நீங்கள் நினைத்தது ‘ஆஸ்திரேலியன் கிரேப் அண்ட் வைன்’ அமைப்பாக இருக்கலாம். 2019இல் உருவான அது உறுப்பினர் சங்கம், வேறு கதை.

இதை விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே விடியுமுன் மரமேறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, அனல் முன்னால் நின்று கருப்பட்டி காய்ச்சுகிறவர், முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. அவருக்காக மனு எழுதும்போது தவறான உதாரணம் வைத்தால் அதிகாரி ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். பனை வாரியத்துக்கும் நியமனமே என்றாலும், தேர்வுக் குழுவில் பனையேறிகளின் ஆள் இருக்க வேண்டும், இயக்குநர்களில் காய்ச்சத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம், ஓட்டுப் போடுவதாகச் சொல்லும் அந்த வாக்கியத்தை மட்டும் பதிவில் திருத்திவிடுங்கள் அண்ணே, பலர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.