மூன்று விசிலும் "படிக்காத கிழவிகளும்"

நேற்று முழுக்க எல்லோரும் பகிர்ந்த அந்த வீடியோவைப் பற்றித்தான். பிறசர் குக்கரில் இறைச்சி உருண்டை, மேலே கெச்சப், மூன்று விசில், "இத்தாலி மீட்போல் ரெடி". அதைக்கூடப் பேசாமல் விட்டிருப்பேன். கடைசியில் அந்தத் தங்கச்சி சொன்ன வசனம்தான் நெஞ்சில் தைத்தது: இதற்கு மணிக்கணக்காக மினக்கெடுவது படிக்காத கிழவிகளின் வேலையாம்.

அப்படி ஒரு கிழவியிடம்தான் நான் பொல்பெத்தே, அதாவது இத்தாலியரின் இறைச்சி உருண்டை, செய்யப் படித்தேன். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துப் பல்லறோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வயதான சினோராவை (அம்மணியை) பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்கு அப்போது இத்தாலியன் வராது. அவர் என் கையைப் பிடித்துக் காட்டித்தான் சொல்லித் தந்தார். பழைய பாணின் கரையை வெட்டிவிட்டு, பாலில் ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். அரைத்த மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும், முட்டை, துருவிய சீஸ், உள்ளி, பார்ஸ்லி, அந்த ஊர் வழக்கப்படி கொஞ்சம் பைன் விதையும் முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை). பிசையும்போது அழுத்தினால் கையில் தட்டுவார். உருட்டிப் பொரித்து, தக்காளிச் சோஸில் இறக்கி, மூடியைச் சரித்து, இடையில் ஒரு மரக்கரண்டியை வைத்துவிடுவார். ஆவி அந்த இடுக்கால் போகும். சோஸ் எப்போதாவது ஒரு முறை "புளுக்" என்று பொங்கும். அதற்கு மேல் கொதித்தால் நெருப்பைக் குறைக்கச் சொல்வார்.

அந்த இடுக்கில்தான் விஷயமே இருக்கிறது. குக்கரில் தண்ணீர் அதிகம் வெளியே போகாது, அதனால் சோஸ் வற்றாது. உள்ளே சூடு 120 பாகை வரை ஏறும். உருண்டை இறுகிவிடும். மெல்லிய நெருப்பில் தக்காளி வற்ற வற்ற அதன் இனிப்பும் உப்பும் திரண்டு வரும், இறைச்சியின் சாறு சோஸில் இறங்கும். முதலில் அந்தச் சோஸைப் பாஸ்தாவில் பிரட்டிச் சாப்பிட்டுவிட்டு, உருண்டையைப் பிறகு தனியாகத் தின்பார்கள். கெச்சப்பில் இருப்பது சீனியும் வினாகிரியும் சேர்த்த ருசி. அது வேறு சாமான்.

"வேலைக்குப் போகிற பெண்களுக்கு நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். நானும் வேலைக்குப் போகிறவள்தான், ஞாயிறு மட்டும்தான் எனக்கும் லீவு. கை வேலை முக்கால் மணித்தியாலம். மிச்சத்தை நெருப்பு பார்த்துக்கொள்ளும், அதற்குள் நான் உடுப்புத் தோய்த்து முடித்துவிடுவேன். காஸ் செலவா? சின்ன அடுப்புப் போதும். "இத்தாலிக்காரரே இப்போது குக்கரில் வைக்கிறார்களே" என்றால், வைக்கட்டும். அவர்கள் தங்கள் அம்மம்மாவைப் படிக்காதவள் என்று சொல்லிக்கொண்டு வைப்பதில்லை.

"வெள்ளைக்காரச் சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து?" என்று ஒருவர் இன்பொக்ஸில் கேட்டார். அண்ணை, இது இத்தாலிச் சாப்பாட்டுக்கான வக்காலத்து இல்லை. எங்கள் வீட்டில் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவில் கூழ் வைக்கும் நாளில் அம்மா பின்னேரம் முழுக்கச் சட்டியை விட்டு அசையமாட்டா. ருசியாகக் குடித்துவிட்டு, "அம்மாவுக்கு வேறென்ன வேலை" என்று சொன்ன ஆட்களை எனக்குத் தெரியும். ஓகஸ்ட் வெயிலில் தக்காளி விழுதைப் பலகையில் பரப்பி, மணிக்கொரு தடவை கிளறிக் கிளறிக் காயவைக்கும் சிசிலிப் பெண்களையும் இப்படித்தான் சொல்வார்கள். எந்த நேரத்தில் நெருப்பைக் குறைப்பது என்று ஒரு மனுஷி மணத்திலேயே கண்டுபிடிக்கிறாள். அது படிப்பு இல்லையென்றால் வேறு எது படிப்பு? திருவிழாவில் அண்டாவில் சமைக்கும் ஆம்பிளையிடம் ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருவரும் கேட்பதில்லை. வீட்டில் பெண் செய்தால் மட்டும் அது மினக்கேடு.

வீடியோவை நீக்கச் சொல்லவில்லை, தங்கச்சி. குக்கரில் வையுங்கள், கெச்சப் ஊற்றுங்கள், பிள்ளைகள் சாப்பிடட்டும். அந்த ஒரு வசனத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். இதையே கொமெண்டில் மரியாதையாகத்தான் கேட்டேன். பதில் சொல்லாமல் என்னை ப்ளொக் பண்ணிவிட்டீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இதைக் காட்டட்டும்.