வேலைக்குப் போவதால் பால் வற்றாது

"வேலைக்குப் போனா பால் வத்திடும், இப்பவே புட்டிப்பால் பழக்கிடு." பிரசவ விடுப்பு முடியப்போகிற பல வீடுகளில் கேட்கிற பேச்சு இது. மார்பில் பால் தேங்கி நின்றால், இவ்வளவு தேவையில்லை போல என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நாள் முழுக்க எடுக்காமல் விட்டால் பால் கட்டி வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலே வரும். தாயின் உடம்பைக் குறை சொல்வது அநியாயம். பால் எடுக்க அவளுக்கு இருபது நிமிடம் யாரும் ஒதுக்கித் தரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு, அம்மா வெளியே இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 30 மி.லி. என்று கணக்கு வையுங்கள். போக வர சேர்த்துப் பத்து மணி நேரம் என்றால் 300 மி.லி.

கையால் எடுப்பவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி எதிரெதிரே வைக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலைத் தேய்த்து இழுத்தால் புண்தான் மிஞ்சும். பம்ப் வைத்திருப்பவர்களுக்குத் திடீரென்று பால் குறைந்தால் முதலில் வால்வைப் பாருங்கள். அந்தச் சின்ன சிலிக்கோன் துண்டு தளர்ந்தாலே இழுவிசை போய்விடும். காம்பு வலித்தால் பெரும்பாலும் காம்பின் மேல் வைக்கிற புனலின் அளவு பொருந்தவில்லை.

எடுத்த பால் அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. மே மாதத்துச் சென்னைக்கு அது செல்லாது. உடனே ஃப்ரிட்ஜில், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். நான்கு நாள் வரை இருக்கும். வீட்டுக்கு ஐஸ் பேக் போட்ட பையில் போகட்டும். கொழுப்பு பிரிந்து மேலே நிற்பதைப் பார்த்துத் திரிந்துவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள், மனசு பதறுகிறது. லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம். புட்டியைவிட நம் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) நல்லது: அழுக்குத் தங்க இடுக்கில்லை. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் தொடவைத்து, அதுவாக உறிஞ்சட்டும். ஊற்றினால் புரையேறும்.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், உயிரோடு உள்ள குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக இருக்கிற தாய்க்கு 26 வாரம் விடுப்புத் தந்தது. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்தவருக்கு மிச்சம் 18 வாரம்தான். அதாவது குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தரக்கூடாத காலத்தில், நான்கு மாதம் முடிந்ததுமே வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை 1961 சட்டத்திலேயே வந்துவிட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். காப்பகம் இல்லாத இடத்தில் அந்த இடைவேளையைப் பால் எடுக்கவாவது விடுங்கள்.

அதற்குத் தாழ்ப்பாள் போட்ட அறை, நாற்காலி, பிளக், கை கழுவத் தண்ணீர் போதும். தாழ்ப்பாள் முக்கியம். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் பாலை இறங்க வைக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் தடைப்படும். மார்பு நிறைந்திருந்தும் பால் இறங்காது. கழிப்பறையைக் கை காட்டாதீர்கள்.

மேனேஜர்களிடம் ஒரு கோரிக்கை: பால் எடுக்கிற ஊழியர் பதினொரு மணி, இரண்டு மணி என்று சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் மீட்டிங் வைக்காதீர்கள்.