மைக் பின்வரிசைக்கு வராதா?

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று முன்பு வருஷத்துக்கு 4 கிராமசபைதான். 2022-இல் அரசு அறிவித்த பிறகு மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு சேர்ந்தன. ஆறிலும் எங்கள் ஊரில் மைக்கைப் பிடிப்பது அதே நாலு பேர்தான்.

முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகள் அவர்களுக்கு. பின்னால் ஜமுக்காளத்தில் பெண்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வேண்டிய ஆள்கணக்கு, நிரம்ப நோட்டில் கையெழுத்து வாங்கும்போது மட்டும் "வாங்கம்மா, வாங்கம்மா" என்று உபசாரம். இத்தனைக்கும் ஊராட்சித் தலைவரே ஒரு பெண். பேசுவது அவர் வீட்டுக்காரர், அது தனிக் கதை.

போன தடவை ஒரு அக்கா எழுந்து, தெருக்குழாயில் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் விட்டால் யார் பிடிப்பது என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா, உட்காரு." அப்புறம் ஒரு அண்ணன், தன் வீட்டு வாசலுக்கு வரவேண்டிய சிமென்ட் ரோட்டைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். கடைசியில் "வேற யாராவது பேசணுமா?" என்றார்கள், மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே!

முதல் மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுத்தால் என்ன? ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால் என்ன? எழுந்து பேசக் கூச்சப்படுகிறவர்களிடம் தெருவாரியாக முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்கலாமே. ஊராட்சிச் செயலரிடம் சொன்னேன். "நல்ல யோசனை சார், அடுத்த கூட்டத்துல பேசுங்க" என்றார்.

சரி, மைக்கை யார் தருவார்?