121 தோல்விக்குப் பிறகும் அதே பேச்சு

சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் மூன்று பேர் கூடினால் பேச்சு எங்கே போய் முட்டும் என்பது எனக்கு மனப்பாடம். "ஆட்டக்காரர்கள் சரியில்லை" என்பார் ஒருவர். "மேலாளரை மாற்றினால் எல்லாம் சரியாகும்" என்பார் அடுத்தவர். மாற்றித்தான் பார்த்தார்களே! 2024 ஆகஸ்டில், தொடர்ந்து 21 ஆட்டங்கள் தோற்ற கையோடு மேலாளர் பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்ன ஆயிற்று? அந்தப் பருவத்தின் 162 ஆட்டங்களில் 121 தோல்வி. 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணி வாங்கிய 120 தோல்விகளையும் தாண்டியாயிற்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது மூன்றாமவர் வாயைத் திறக்கும்போதுதான். "பாவம் முதலாளி, பணத்துக்கு எங்கே போவார்?" பாவமாம்! ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் 1981 முதல் இந்த அணியை வைத்திருக்கிறார். புல்ஸ் கூடைப்பந்து அணியும் அவர் கையில்தான். 2024 வரை ஒயிட் சாக்ஸ் போட்ட மிகப் பெரிய ஒப்பந்தம், ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர். அந்த ஆண்டு டிசம்பரில் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோ ஒருவருக்கே 76.5 கோடி எழுதிக் கொடுத்தது. அதே மாதம் இவர்கள் செய்தது, இருந்த ஒரே நல்ல பந்துவீச்சாளர் கேரட் குரோஷேயைப் பாஸ்டனுக்குத் தள்ளிவிட்டது. ஆட்டக்காரனுக்குக் கொடுக்கத்தான் காசில்லை. புதிய மைதானத்துக்கு அரசுப் பணம் கேட்டு இல்லினாய் சட்டமன்றத்தின் படியேற மட்டும் கால் வலிக்கவில்லை.

மூன்றாமவர் நேற்றும் வந்தார். வாயைத் திறக்குமுன், மழை வருமா என்று கேட்டுவிட்டேன்.