சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்

காட்டு வழியே ஆற்றுக்கு இறங்கும் ஜீப் தடத்தில் நடப்பவர்களுக்கு என் எரிச்சல் உடனே புரியும். பாதை கரடுமுரடாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. உருட்டுக்கல்லும் வேரும் இருக்கத்தான் செய்யும். என் ஆத்திரமெல்லாம், சேற்றுப் பள்ளத்தைக் கண்டதும் வண்டியை ஓரமாக ஒடித்துச் செடிகள் மேல் ஏற்றிப் போகிறவர்கள் மேல்தான். ஒருவர் அப்படிப் போனால் அடுத்தவருக்கும் அதுவே வழி. அப்புறம் அந்த ஓரமும் சேறாகிறது, அதைச் சுற்றி இன்னொரு தடம். ஒரு வண்டி போகும் பாதை மூன்று வண்டி அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. நடக்கிறவர் எங்கே கால் வைப்பது?

சக்கரம் அழுத்திய மண் இறுகிவிடும். மழைநீர் உள்ளே இறங்காமல் தடத்தின் வழியே ஓடி, மண்ணை அரித்து ஆற்றில் கொட்டும். அந்த வண்டல் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிட்டால், அங்கே இடப்பட்ட மீன் முட்டைகளுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. இத்தனைக்கும் செய்ய வேண்டியது சின்ன விஷயம்: பள்ளத்தின் நடுவிலேயே மெதுவாகப் போங்கள். ஆழம் தெரியவில்லையா, இறங்கி ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, மீதித் தூரத்தை நடந்து வாருங்கள்.